கப்பலை நிறுத்தச் சொன்ன லாரிக்காரர்

1. டிரைவர் போனை எடுக்கவில்லை

"மேடம், கப்பலு போயிருச்சுங்க. டிரைவரு போனை எடுக்க மாட்டேங்கறானுங்க."

நாமக்கல்லில் டிராவல்ஸ் ஆபீஸ் நடத்துகிற நான் இத்தனை வருடங்களில் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். ஏர்போர்ட்டில் கட்டுச்சோற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள் என்று ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். மணாலியில் குளிர்கிறது என்று ஒருவர் கூப்பிட்டு, போனை வைப்பதற்குள் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். கப்பல் ஓட்டுகிறவர் போனை எடுக்கவில்லை என்ற புகார் அன்றுதான் முதல் தடவையாக வந்தது.

பேசியவர் சங்ககிரி நல்லசிவம். சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். அப்போது அவர் நின்றுகொண்டிருந்த இடம் அந்தமானில் நீல் தீவின் படகுத்துறை. கூட அவர் மனைவி சரோஜாக்கா, மச்சான் தங்கவேல், பங்காளி குப்புராஜ், அவர்கள் இருவரின் மனைவிமார். ஆக ஆறு பேர். நீல் தீவிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகும் அன்றைய கடைசிக் கப்பலில் அவர்களுக்கு டிக்கெட். மறுநாள் விடிந்ததும் போர்ட் பிளேரிலிருந்து கல்கத்தாவுக்கு விமானம். கல்கத்தாவிலிருந்து ரயிலில் காசி. கப்பல் போனால் விமானம் போகும், விமானம் போனால் ரயில் போகும். அப்படி நெருக்கிக் கோத்து வைத்த பயணம்.

"எந்த டிரைவருங்கண்ணா?" என்றேன்.

"கப்பல் டிரைவருதானுங்க. நம்மாளு, ராமநாதபுரத்துப் பக்கம். நம்பர் வாங்கி வெச்சிருக்கறனுங்க. அஞ்சு நிமிசம் நிறுத்தச் சொல்லலாம்னு அடிக்கறேன், அடிக்கறேன், எடுக்கவே மாட்டேங்கறான்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊரிலிருந்து ஒரு தடவையாவது சென்னைக்கு ஆம்னி பஸ் ஏறியிருக்க வேண்டும். பஸ் கிளம்பும் முன் டிரைவர் நம்பர் மெசேஜில் வந்துவிடும். உடனே அவருக்குப் போன் பறக்கும். "அண்ணா, பைபாஸ் வந்துட்டம், பாலத்துக்குக் கீழ சித்த நில்லுங்க." டிரைவரும் நிற்பார். பஸ்ஸில் இருக்கிற மற்ற அத்தனை பேரும் காத்திருக்க, வரவேண்டியவர் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு சாவகாசமாக ஏறுவார். ஏறியதும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டார். ஏனென்றால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஒரு நாள் அதே பாலத்துக்குக் கீழே பஸ்ஸை நிறுத்தியவர்கள்தான்.

டிராவல்ஸ் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். கஸ்டமர் எந்த ஊருக்குப் போகிறார் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எந்தத் தொழிலிலிருந்து கிளம்பி வருகிறார் என்றும் கேளுங்கள். கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலை தெரியாமல் காலை டிபன் சாப்பிட மாட்டார், அதனால் சிக்னல் இல்லாத ஊரில் அவருக்கு ரூம் போடாதீர்கள். ரிக் வண்டி வைத்து போர் போடுகிறவர் எந்த மலையைப் பார்த்தாலும் எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் யோசிப்பார். லாரிக்காரருக்குத் தீவு என்றால் அது இன்னொரு லோடு இறக்குகிற இடம்.

2. ரிட்டன் லோடு

இந்தப் பயணம் அதற்கு முன்பே மூன்று தடவை பேசப்பட்டு மூன்று தடவையும் நின்றுபோயிருந்தது. காரணம் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். வண்டி எஃப்.சி.க்கு நிற்கிறது.

லாரி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்குகிற சான்றுக்குத்தான் எஃப்.சி. என்று பெயர். அதற்காக லாரியை ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் நிறுத்துவார்கள். பிரேக் பார்த்து, லைட் மாற்றி, பெயிண்ட் அடித்து, பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் போல அதற்கு அலங்காரம் நடக்கும். எங்கள் பக்கத்தில் வண்டி எஃப்.சி.க்கு நிற்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. சொந்த மச்சினன் கல்யாணத்துக்கு வராதவரைக்கூட மன்னித்துவிடுவார்கள்.

நான்காவது தடவை அண்ணன் தானாகவே ஆபீசுக்கு வந்தார். ஆறு பேரும் வந்திருந்தார்கள். ஆண்கள் மூன்று பேரும் என் மேஜைக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். காசு போட்டு ஊர் சுற்றப் போவது ஆறு பேர், ஆனால் பிளான் பேசுவது மூன்று பேர் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு.

"போர்ட் பிளேர்ல இருந்து ஹேவ்லாக் தீவு எத்தன கிலோமீட்டருங்க?" என்று ஆரம்பித்தார் நல்லசிவம்.

"கடல்ல கிலோமீட்டரு கேக்கக் கூடாதுங்கண்ணா. ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அறுவது, எழுவது கிலோமீட்டரு இருக்குமுங்களா? அதுக்கு ரெண்டு மணி நேரமா? நம்ம வண்டி சிமெண்ட் லோடு ஏத்திக்கிட்டு அதைவிட வெரசலாப் போவுமுங்க. நடுவுல டோல்கேட்டு கீது இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். டோல் இல்லாத ரோட்டில் இத்தனை மெதுவாக ஏன் போகிறார்கள் என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கப்பல் எந்த வருட மாடல், என்ஜின் எத்தனை குதிரைசக்தி, ஸ்டெப்னி மாதிரி எக்ஸ்ட்ரா என்ஜின் உண்டா என்று குப்புராஜ் கேட்டார். முழுக் கப்பலையும் புக் பண்ணினால் வாடகையில் குறைப்பார்களா என்று தங்கவேல் கேட்டார். நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். பொறுமை என்பது பிறவிக் குணம் இல்லை, இந்தத் தொழிலில் அது மூலதனம்.

நான் போட்டிருந்த பிளான் இதுதான். போர்ட் பிளேர், பிறகு ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீல் தீவில் ஒரு இரவு, திரும்பவும் போர்ட் பிளேரில் ஒரு முழு நாள் சும்மா, அதற்கு மறுநாள் சென்னை விமானம். அந்தச் சும்மா இருக்கிற நாளை நாங்கள் பஃபர் டே என்போம். கடல் எப்போது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கப்பல் ரத்தாகும். அதனால் கடைசிக் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு நாள் விட்டு வைப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

நல்லசிவம் அண்ணன் அந்த நாளின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னுங்க, ஹால்ட்டா?"

"பஃபர் டேங்கண்ணா. கப்பல் கேன்சல் ஆனா தேவைப்படும்."

"ஆகலைன்னா?"

"சும்மா இருக்கலாம்."

"சும்மா இருக்கறதுக்கு இத்தன தூரம் போகோணுமுங்களா? அதை ஊட்டுலயே பண்ணலாமுங்களே." மூன்று பேரும் சிரித்தார்கள். "நிக்கற வண்டிக்கு டியூ யாருங்க கட்டுவா? அப்பறம், போன ரூட்டுலயே மெட்ராசுக்குத் திரும்பறதுன்னா அது எம்ப்டி ரன்னுங்க. ரிட்டன் லோடு இல்லாம நாங்க வண்டியே எடுக்க மாட்டம். போர்ட் பிளேர்ல இருந்து கல்கத்தாவுக்கு பிளைட் இருக்குதாமே? அப்படியே போயி, காசியப் பாத்துட்டு எறங்குனா ரெண்டு டிரிப்பு ஒரே செலவுல முடியுமுங்க."

லாரி போகும்போது ஒரு லோடு, வரும்போது ஒரு லோடு ஏற்றினால்தான் லாபம். காலியாகத் திரும்பினால் நஷ்டம். அண்ணன் அந்தமானுக்குப் போகும்போது கடலையும் வரும்போது காசி விசுவநாதரையும் ஏற்றி வரத் தீர்மானித்துவிட்டார். விசுவநாதரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

காசிக்கு நாள் வேண்டுமே. முதலில் பஃபர் டே போனது. அதுவும் போதவில்லை. நீல் தீவின் இரவு போனது. காலைக் கப்பலில் நீல் தீவில் இறங்கி, பகலில் சுற்றிப் பார்த்து, கடைசிக் கப்பலில் போர்ட் பிளேர் போய்விடுவது என்று முடிவானது. "வேண்டாமுங்கண்ணா, ரொம்ப டைட்டா இருக்குது, ஒண்ணு தப்புனா எல்லாம் போயிரும்" என்று இரண்டு தடவை சொன்னேன். "அதெல்லாம் பேசிக்கலாமுங்க" என்றார். யாரிடம் பேசுவது என்று சொல்லவில்லை.

ஆண்கள் டீ குடிக்க வெளியே போனபோது சரோஜாக்கா மட்டும் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கோணும். அந்த நீலுத் தீவுல கடலு வத்துமாமே, நெசமா? போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. தண்ணி உள்ள போயிருது. பாறையெல்லாம் வெளிய தெரியுது. குழியில மீனு நிக்குது, சனங்க அது மேல நடக்கறாங்க."

நிஜம்தான் என்றேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வற்றும், இரண்டு தடவை ஏறும். அவர்கள் போகிற வாரத்துக்கான நேரத்தைப் பார்த்துச் சொன்னேன். விடியற்காலையில் ஒரு தடவை, இருட்டுகிற நேரத்தில் ஒரு தடவை. பகலில் தண்ணீர் கரைவரைக்கும் நிறைந்து நிற்கும்.

"அப்ப ராத்திரி அங்கயே தங்குனாத்தான் பாக்க முடியும்."

"ஆமாங்க்கா."

"நான் பனமரத்துப்பட்டிக்காரி சாமி. எங்க ஏரி வத்துனப்ப உள்ள நடந்தே அக்கரைக்குப் போயிருக்கறோம். ஆனா அது வத்துனா வத்துனதுதான், மறுக்கா ரொம்பறதுக்கு மழைக்கு மானத்தைப் பாத்துக்கிட்டே கெடக்கோணும். இது தெனமும் வத்தி, தெனமும் ரொம்புதாமே. அதை ஒருக்கா நின்னு பாத்துட்டா போதும். காசியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"இதை அண்ணங்கிட்டச் சொல்லுங்க்கா."

"சொல்லியாச்சு. வத்துன தண்ணியப் பாக்க கப்பலேறிப் போகோணுமா, நம்மூரு கெணத்தை எட்டிப் பாருன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வந்த அண்ணனிடம் நீல் தீவில் ஒரு இரவு தங்கியே ஆகவேண்டும் என்று இன்னொரு தடவை வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டே காசி டிக்கெட்டை உறுதி பண்ணச் சொன்னார். சரோஜாக்கா சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

3. டயருக்கு அடியில் ஒரு பழம்

முதல் கப்பலேறிய அன்று எனக்கு ஒரு வீடியோ வந்தது. எடுத்தவர் தங்கவேல்.

எங்கள் பக்கத்தில் லாரி புதிதாகக் கிளம்பினால் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்பார்கள். நல்லசிவம் அண்ணன் சங்ககிரியிலிருந்தே பழம் கொண்டுபோயிருக்கிறார். போர்ட் பிளேர் படகுத்துறையில் கப்பலுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் அதற்குச் சக்கரம் இல்லை என்பது உறைத்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏறியிருப்பார்கள். அண்ணன் குனிந்து பார்த்தார். கப்பல் சுவரில் மோதாமல் இருக்கப் படகுத்துறை ஓரமெல்லாம் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அட, இது நம்ம டாரஸ் வண்டி டயருங்க!" என்று வீடியோவில் அவர் குரல் கேட்கிறது. மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் பண்ணியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும் என்று குப்புராஜ் வருத்தப்படுகிறார். அண்ணன் குப்புறப் படுக்காத குறையாக எட்டி, டயருக்கும் கப்பலுக்கும் நடுவே பழத்தைச் செருகுகிறார். செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வருகிறார். அதற்குள் கப்பல் ஒரு ஆட்டம் ஆடி டயரில் சாய்ந்து பழத்தை நசுக்கிவிட்டது. மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செக்யூரிட்டிக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

அந்தக் கப்பலில்தான் அண்ணனுக்கு "நம்மாளு" கிடைத்தார். பெட்டிகளை வாங்கி அடுக்குகிற ஒருவர் தமிழில் பேசினார். உடனே ஊர் விசாரிக்கப்பட்டது, முறுக்குப் பொட்டலம் கைமாறியது, போன் நம்பர் வாங்கப்பட்டது. அன்று சாயங்காலம் ஹேவ்லாக்கிலிருந்து எனக்குப் போன்.

"மேடம், இனி ஒண்ணும் கவலையில்லீங்க. கப்பலுக்குள்ள நமக்கு ஆளு இருக்குது."

"அண்ணா, அவரு பெட்டி ஏத்தறவருங்க. அவரு சொன்னா கப்பலு நிக்காது."

"யாரா இருந்தா என்னுங்க மேடம்? உள்ள ஒரு ஆளு இருக்கறதுதானுங்களே முக்கியம்."

நம் ஊரில் பாதிக் காரியம் அப்படித்தான் நடக்கிறது. மின்சார ஆபீசில் மீட்டர் படிக்கிறவர் தெரிந்தவர் என்றால் மொத்த மின்வாரியமே நம்முடையது என்று நினைக்கிறோம்.

4. திறந்து கிடந்த பானெட்

நீல் தீவு காய்கறி விளைகிற தீவு. அங்கே விளைந்துதான் போர்ட் பிளேருக்குப் போகிறது. அன்று கடைசிக் கப்பல் கிளம்புகிற நேரத்துக்கு முன்பே நம் ஆட்கள் ஆறு பேரும் படகுத்துறைக்கு வந்துவிட்டார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்கள் பெட்டிகளோடு உள்ளே கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் வெளியே டீக்கடையில் நின்றார்கள். டீக்கடைக்கு எதிரே கத்திரிக்காயும் பூசணியும் ஏற்றிய ஒரு டெம்போ பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

நான் இத்தனை வருடத்தில் கற்றது இது. சங்ககிரிக்காரர் ஒருவரைக் கோயில் வாசலில் நிறுத்தலாம், சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தலாம், எங்கிருந்தும் கூட்டி வந்துவிடலாம். திறந்து கிடக்கிற பானெட்டிலிருந்து மட்டும் கூட்டி வர முடியாது.

மூன்று பேரும் அதற்குள் தலையைக் கொடுத்தார்கள். வண்டி ஓட்டி வந்தவர் வங்காளி. லாரிக்காரர்களுக்கு நாக்பூர் ரோட்டில் பழகிய இந்தி உண்டு, அது போதுமானதாக இருந்தது. டீசல் லைனில் காற்று அடைத்திருக்கிறது என்று நல்லசிவம் அண்ணன் கண்டுபிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்பேனர் எங்கே என்று குப்புராஜ் கேட்டார். ஒருவர் பம்பு அடிக்க, ஒருவர் நட்டைத் தளர்த்த, ஒருவர் யோசனை சொல்ல, வேலை மும்முரமாக நடந்தது. உள்ளே கப்பலுக்குக் கடைசி அழைப்பு கொடுத்தார்கள். கேட் சாத்தினார்கள். வண்டி ஒரு செருமல் செருமி ஸ்டார்ட் ஆகி, மூன்று பேரும் நிமிர்ந்து ஜெயித்த சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தபோது கப்பல் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

அப்போதுதான் அந்த நம்பருக்கு அடித்தார். எடுக்கவில்லை. பிறகு எனக்கு அடித்தார்.

"லோடு ஏத்துன வண்டிங்க மேடம்," என்றார் என்னிடம். குரலில் கோபத்தைவிட நியாயம் கேட்கிற தொனி அதிகமாக இருந்தது. "லோடோட ஒரு வண்டி நிக்குது. அதைப் பாத்துக்கிட்டு டீயக் குடிச்சுட்டுப் போறதுக்கு நாங்க என்ன மனுசங்களா?"

அவர் சொன்னதில் தவறில்லை. திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று லாட்ஜ் நம்பர் எழுதிய டைரியை எடுத்தேன்.

நம்மாளு அன்று மாலை அவரைத் திரும்பக் கூப்பிட்டாராம். "அண்ணே, கூப்புட்டிருந்தீகளே, என்ன விசயம்? நான் இன்னிக்கு லீவுண்ணே, தூங்கிட்டேன்." அவர் வேலை பார்ப்பது வேறு கப்பல் என்பதும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

5. கடல் வற்றும் நேரம்

இனி என் வேலை. விடிகாலைக் கல்கத்தா விமானத்தை இனிப் பிடிக்க முடியாது, அதில் சந்தேகமில்லை. காசி ரயிலை ரத்து செய்தேன். நீல் தீவில் தெரிந்த லாட்ஜ் எல்லாவற்றுக்கும் போன் போட்டேன். சீசன் நேரம், எல்லாம் நிறைந்திருந்தது. ஆறு பேரை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமல் நான் இரண்டு போனை இரண்டு காதில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது மறுபடியும் அண்ணன் நம்பரிலிருந்து அழைப்பு. இந்தத் தடவை பேசியது சரோஜாக்கா.

"சாமி, வேலையா இருக்கறயா?"

"ரூமு தேடிக்கிட்டு இருக்கறனுங்க்கா. ஒண்ணும் பயப்படாதீங்க."

"ரூமெல்லாம் ஆச்சு சாமி. அந்த டெம்போக்காரன் அவங்க மாமன் ஊட்டு மாடியில ரெண்டு ரூமு வாங்கிக் குடுத்துட்டான். அது கெடக்குது. நாளைக்குக் காலைல கடலு எத்தன மணிக்கு வத்தும்? நீ அன்னிக்குச் சொன்னது மறந்துபோச்சு."

விமானமும் ரயிலும் கையைவிட்டுப் போய், ஒரு பயணமே குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த அம்மா கடல் வற்றுகிற நேரம் கேட்கிறார். நான் பார்த்துச் சொன்னேன். சரியாகக் காதில் வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைக் கப்பல்ல எடம் இருக்குதா சாமி?" என்றார்.

இருந்தது. ஆறு சீட்டும் காலியாகவே இருந்தன.

"நான் மதியக் கப்பல்ல போடறனுங்க்கா," என்றேன்.

"நல்லா இரு சாமி," என்று போனை வைத்துவிட்டார்.

அண்ணன் பிறகு என்னிடம் கேட்டார். "காலைக் கப்பலு கெடைக்கலீங்களா மேடம்?"

"உள்ள நம்மாளு யாருமில்லீங்களே அண்ணா," என்றேன். அவருக்கு அது நியாயமான காரணமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை நான் ஆபீஸ் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போட்டோ வந்திருந்தது. தண்ணீர் விலகிப்போன பாறைத் தரை கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்து கிடக்கிறது. சரோஜாக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நிற்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை. காலடியில் இருக்கிற குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட் போடுகிற வேலையில் கண் கலங்குகிற சந்தர்ப்பம் பெரும்பாலும் ரீஃபண்ட் சம்பந்தமாகத்தான் வரும்.

போட்டோவின் ஓரத்தில் நல்லசிவம் அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டி, திறந்த பானெட்டைப் பார்ப்பது போலவே இன்னொரு குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே அவர் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"மேடம், இங்க ஒரு மீனு மாட்டிக்கிச்சுங்க. தண்ணி மறுக்கா ஏறுனாத்தான் போவுமாம். அது வரைக்கும் ஹால்ட்டுதானுங்க அதுக்கு. பாவம்னு நெனச்சேன். ஆனா பாத்தா அது பாட்டுக்கு நெம்பச் சந்தோசமா நீந்திக்கிட்டு இருக்குதுங்க."

போர்ட் பிளேரிலிருந்து அவர்களை நேரே சென்னைக்கு விமானத்தில் ஏற்றி, அங்கிருந்து சேலத்துக்கு ரயிலில் அனுப்பினேன். போன வழியிலேயே திரும்பி வந்தார்கள். லாரிக் கணக்கில் சுத்தமான எம்ப்டி ரன்.

6. கூப்பிடாத ஒரு நாள்

ஊருக்கு வந்த பிறகு நல்லசிவம் அண்ணன் இந்தக் கதையைச் சொல்கிற விதமே வேறு. கப்பல் போனதே அதில் இல்லை. "அந்தமான் போறவிய நீலுத் தீவுல ராத்திரி தங்கோணுமுங்க, காலைல கடலு வத்தும் பாருங்க, அதைப் பாக்காம வந்தா போனதே தண்டம். நாங்க அதுக்குன்னே காசியக் கேன்சல் பண்ணிட்டு நின்னமுங்க" என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவர் பேச்சைக் கேட்டு மூன்று குடும்பம் என்னிடம் வந்து டிக்கெட் போட்டிருக்கிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை. இலவச விளம்பரத்தைத் திருத்துகிற அளவுக்கு நான் உண்மை விளம்பி இல்லை.

ஒரு நாள் எருமப்பட்டிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் சரோஜாக்கா மாடியேறி ஆபீசுக்கு வந்தார். அண்ணன் கீழே வண்டியிலேயே இருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"அக்கா, கடைசி அழைப்புக் குடுத்தாங்களே, நீங்க மூணு பேரும் உள்ளதான இருந்தீங்க. காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சே. நல்லாக் கேட்டுச்சு. தமிழ்ல சொல்லலீன்னாலும் புரியாதா என்ன?"

"பொறவு ஏன் அவியளைக் கூப்புடலை?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கூப்புட்டுக்கிட்டேதான் சாமி இருக்கறேன். 'ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏனுங்க, முகூர்த்தம் முடியப் போவுது. ஏனுங்க, ஆஸ்பத்திரில டோக்கனு போயிரும்.' பானெட்டுக்குள்ள இருந்து அந்த மனுசனைக் கூப்புட்டு எடுக்கறதுதான் எம்பட வேலையே. தங்கவேலு பொண்டாட்டி எந்திரிச்சா, 'கூப்புட்டுட்டு வாரேன் அண்ணி'ன்னு. 'இரு, நான் சொல்லிட்டேன், வந்துருவாங்க'ன்னு உக்கார வெச்சுட்டேன்."

கீழே அண்ணன் ஹாரன் அடித்தார். ஒன்று, பிறகு இன்னொன்று. சரோஜாக்கா எழுந்திருக்கவில்லை. டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு நாளு நான் கூப்புடலை. அவ்வளவுதான் சாமி," என்று சொல்லி மீதிக் காபியை நிதானமாகக் குடித்தார்.

அதற்குப் பிறகு நான் தீவுப் பயணத்துக்குப் பிளான் போட்டால் முதலில் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குத் தகுந்த நாளை எடுத்து வைத்துவிட்டுத்தான் மேஜைக்கு வருகிறேன். பஃபர் டே என்ற வார்த்தையையும் விட்டுவிட்டேன். அந்த நாளுக்கு நேரே "எஃப்.சி." என்று போட்டுவிடுகிறேன். எந்த லாரிக்காரரும் இதுவரை அதை வெட்டச் சொல்லவில்லை.